நீதிமன்றத்தின் முதற்படி

கோர்ட்டுப் படி ஏறாமல் காலம் கழித்தோம் என்று சொல்லிக்கொள்வதை நம் குடும்பங்களில் பெரியோர் ஒரு பெருமையாகவே கருதி வந்திருக்கின்றனர். வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பது நாட்டில் நெடுநாளாக வழங்கும் பேச்சு. பிணக்கின்றி வாழ்வது நற்பண்பே, அதில் ஐயமில்லை. ஆனால் பிணக்கு தானாகவே வாயிற்படியில் வந்து நின்றுவிட்டால் எங்கே போவது, யாரிடம் சொல்வது, யார் சொன்ன முடிவை யார் மாற்ற முடியும் என்பது தெரியாமல் திகைப்பது நற்பண்பாகாது. அறியாமையைப் பொறுமை என்று பெயரிட்டு அழைத்துவிட முடியாது.

நீதிமன்ற அமைப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் டில்லியிலுள்ள உச்சநீதிமன்றத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வருவார்கள். நாம் புதூரில் தொடங்குவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த கரிசல் பூமி அது. வானம் பார்த்த நிலம். பருத்தியும் மிளகாயும் கம்பும் உளுந்தும் மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. அந்த ஊரில் ஒருவருக்கு அநீதி நேர்ந்தால் அவர் ஏறவேண்டிய படிகள் எத்தனை? அவற்றுள் எந்தப் படி முக்கியமானது? உச்சியிலுள்ள படியே முக்கியமானது என்று பலரும் எண்ணுகின்றனர். முதற்படியே முக்கியமானது என்பது நம் கருத்து. அதற்கான சான்றுகளை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. புதூரைச் சுற்றியுள்ள மண்ணிலேயே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான சான்றுகள் கிடக்கின்றன.

கயத்தாற்றில் நடந்தது

பாளையங்களின் காலத்தில் அரண்மனையே நியாயஸ்தலம். உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரமும் அத்தகைய ஓர் அரண்மனை ஊர்தான். பாளையக்காரர் நல்லவராக இருந்தால் நியாயம் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது. அவருடைய சொல்லுக்கு மேல் ஒரு சொல் இல்லை.

அந்தக் காலம் முடிவுக்கு வந்த விதத்தைக் கயத்தாறு காட்டுகிறது. 1799 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் மேஜர் பானர்மன் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வீரபாண்டியக் கட்டபொம்மனை விசாரித்தார்; அன்றே தூக்கிலிடச் செய்தார். போர் நடத்தியவரும் அவரே, குற்றம் சாட்டியவரும் அவரே, விசாரித்தவரும் அவரே, தண்டனை விதித்து நிறைவேற்றியவரும் அவரே. மேலே சென்று முறையிட ஓர் இடம் கிடையாது. கட்டபொம்மனைப் பற்றி எவர் என்ன கருத்துக் கொண்டிருப்பினும், அன்று கயத்தாற்றில் நடந்ததை நீதி விசாரணை என்று சொல்ல முடியாது. பிடித்த கையே தீர்ப்பு எழுதினால் அது தீர்ப்பாகாது. இந்த ஒரு பாடத்தை நாடு கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் பிடித்தது என்பதே நமது நீதிமன்ற வரலாறு.

முன்சீப்புகளின் வரவு

1801 இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமை கம்பெனியாரின் கைக்குப் போயிற்று. மறு ஆண்டிலேயே, வங்காளத்தில் காரன்வாலிஸ் ஏற்படுத்திய முறையைப் பின்பற்றிச் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்கள் ஏற்பட்டன. அவற்றுக்கு மேல் சென்னையில் சதர் அதாலத் என்னும் மேல்மன்றம். ஆயினும் கிராமத்து ஏழைக்கு ஜில்லா மன்றம் எட்டாத தொலைவிலிருந்தது.

இதை உணர்ந்தவர் தாமஸ் மன்றோ. அவருடைய முயற்சியால் 1816 இல் வந்த ஒழுங்குவிதிகள் இரண்டு புதிய படிகளை அமைத்தன. கிராமத் தலைவரே சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் கிராம முன்சீப் ஆனார். பத்து ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகள் அவரிடம் வந்தன. அதற்கு மேல் ஜில்லா முன்சீப் என்ற பதவி ஏற்பட்டது. இன்றும் நம் மக்கள் ‘முன்சீப் கோர்ட்டு’ என்றே சொல்கிறார்கள். முன்சிஃப் என்பது அரபுச் சொல். நேர்மையாகப் பங்கிடுபவர் என்பது அதன் பொருள். கிராம முன்சீப் பதவி நெடுங்காலம் நீடித்தது. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை 1980 நவம்பரில் தமிழக அரசு ஒழித்தபோதுதான் அந்தப் பெயரும் மறைந்தது.

மன்றோவின் சீர்திருத்தத்தில் நன்மையோடு ஒரு தீமையும் கலந்திருந்தது. வரி வசூலிக்கும் கலெக்டருக்கே அதே 1816 இல் மாஜிஸ்திரேட்டின் அதிகாரமும் போலீசின் மேற்பார்வையும் தரப்பட்டன. நீதி மக்களுக்கு அருகில் வந்தது. ஆனால் அது பிடிக்கும் கையோடு கைகோத்துக்கொண்டு வந்தது.

1862 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செயற்படத் தொடங்கியது. அதுவரை நகரத்துக்கென இருந்த சுப்ரீம் கோர்ட்டும், மாகாணத்துக்கென இருந்த சதர் அதாலத்தும் அதில் ஒன்றாயின. 1873 ஆம் ஆண்டுச் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட முன்சீப் நீதிமன்றம் என்ற மூன்று நிலைகளை உறுதிப்படுத்தியது. இன்று நாம் காணும் கட்டடம் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததே.

காஜிகள் இருந்த இடம்

இந்த வரலாற்றில் நம் சமுதாயத்திற்கென ஒரு தனிப் பகுதி உண்டு. கம்பெனியாரின் மன்றங்களில் முஸ்லிம் சட்ட அறிஞர்கள் உத்தியோகத்தில் இருந்தார்கள். வழக்கைக் கேட்டு மார்க்கச் சட்டம் இன்னது என்று அவர்கள் ஃபத்வா எழுதித் தருவார்கள். வெள்ளை நீதிபதி அதைக் கொண்டு தீர்ப்பளிப்பார். 1860 இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்ததும் குற்ற வழக்குகளில் அவர்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1864 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய பதவியையே நீக்கியது. அத்தோடு அரசு காஜிகளை நியமிப்பதும் நின்றது.

காஜி இல்லாமல் நிகாஹ் முதலிய காரியங்களில் இடர்ப்பாடுகள் தோன்றவே, முஸ்லிம்களின் கோரிக்கையை ஏற்று 1880 இல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. வைஸ்ராயின் சட்டசபையில் அதை முன்மொழிந்தவர் ஸர் ஸையத் அஹ்மத் கான். ஓர் ஊரிலுள்ள முஸ்லிம்கள் விரும்பினால் அரசு காஜியை நியமிக்கலாம் என்றது அச்சட்டம். அதே சட்டத்தின் நான்காவது பிரிவு, அந்த நியமனத்தால் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ ஏற்படாது என்பதையும் தெளிவுபடுத்தியது. நம்மில் பலர் முன் பகுதியை நினைவில் வைத்திருக்கிறோம்; பின் பகுதியை மறந்துவிட்டோம். காஜி தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்துரையே தவிர, அது நீதிமன்றத்தின் ஆணையாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியபோது இந்தப் பிரிவையே சுட்டிக்காட்டியது.

முதற்படியில் நம் வழக்கம் அறிந்தவர் இல்லாமற் போனால் மேற்படியில் என்ன நேரும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தம் சந்ததியார் நலனுக்காகச் செய்யப்படும் குடும்ப வக்பு, வங்காளத்திலிருந்து போன ஒரு வழக்கில் செல்லாது என்று 1894 இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. கடல் கடந்து அமர்ந்திருந்த நீதிபதிகளின் அந்தத் தீர்ப்பால் எத்தனையோ ஏற்பாடுகள் ஆட்டங்கண்டன. முகம்மது அலி ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913 இல் சட்டமான பிறகே நிலைமை சீராயிற்று. பிரிவி கவுன்சிலின் அதிகாரம் 1949 இல் முடிந்தது. 1950 ஜனவரியில் குடியரசு பிறந்தபோது உச்சநீதிமன்றமும் பிறந்தது.

வ.உ.சி. கண்ட நீதி

மன்றோ காலத்தில் கலந்த அந்தத் தீமைக்கு மீண்டும் வருவோம். ஓட்டப்பிடாரத்தில் பிறந்து அங்கேயே வக்கீல் தொழிலைத் தொடங்கியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. கோர்ட்டு நடைமுறையை உள்ளும் புறமும் அறிந்தவர். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தது யார்? மாவட்டத்தின் கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற பெயரில் அதைச் செய்தார். சுதேசிக் கப்பல் கம்பெனியாலும் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தாலும் கலங்கிப்போயிருந்த அரசாங்கத்தின் பிரதிநிதி அவர். வழக்கில் ஒரு கட்சியாக இருந்த அரசின் கையிலேயே மாஜிஸ்திரேட்டின் கோலும் இருந்தது.

அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7 ஆம் நாள் இரு குற்றங்களுக்கு இருபதும் இருபதுமாக நாற்பதாண்டு நாடுகடத்தல் விதித்தார். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதை ஆறாண்டாகக் குறைத்தது. படிக்கட்டு என்று ஒன்று இருந்ததனால்தான் நாற்பது ஆறாயிற்று. கயத்தாற்றில் அந்தப் படிக்கட்டு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டால் மேல்முறையீடு என்பதன் அருமை விளங்கும். எனினும் கீழே விழுந்த அடியின் தழும்பு மேலே முற்றும் ஆறவில்லை என்பதும் விளங்கும். கப்பல் கம்பெனி சிதைந்தது. செக்கிழுத்த உடல் தளர்ந்தது. 1912 டிசம்பரில் விடுதலையான அவர், பிற்காலத்தில் வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற்றுச் சில ஆண்டுகள் கோவில்பட்டியிலேயே தொழில் நடத்தினார். தம்மைத் தண்டித்த அமைப்பின் கீழ்ப்படிக்கே திரும்பி வந்து, கரிசல் காட்டு மக்களுக்காக வாதாடினார் என்பது சிந்திக்கத் தக்கது.

1911 ஜூனில் மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்ட ஆஷும் கலெக்டர், மாவட்ட மாஜிஸ்திரேட் ஆகிய இரு பதவிகளையும் ஒருங்கே வகித்தவரே. ஒரே மனிதரிடம் இரு கோல்கள் குவிந்தபோது மக்களின் கோபமும் அவர் மீதே குவிந்தது.

நாடு விடுதலை பெற்றபின் அரசியலமைப்புச் சட்டத்தின் 50 ஆவது பிரிவு, நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்று நெறிகாட்டியது. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்ததும் இந்தப் பிரிவினை நாடெங்கும் சட்டமாகவே நிலைபெற்றது. நீதித்துறை நடுவர்கள் உயர்நீதிமன்றத்தின் கீழ் வந்தனர். தாசில்தாரும் கோட்டாட்சியரும் அமைதி காப்பதற்கான ஆணைகள் பிறப்பிக்கும் நிர்வாக நடுவர்களாக மட்டும் நின்றனர். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. 1816 இல் சேர்ந்தவை 1974 இல் பிரிந்தன. இடையில் கழிந்தவை நூற்றைம்பத்தெட்டு ஆண்டுகள்.

எட்டு ஏக்கர் கரிசல்

இனி, இன்றைய படிகளை ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஏறிப் பார்ப்போம். புதூர் வட்டாரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் எட்டு ஏக்கர் கரிசல் நிலத்தை விட்டுவிட்டு மரணமடைகிறார் என்று கொள்வோம். அவருக்கு மனைவியும் ஒரு மகனும் இரு பெண்மக்களும் இருக்கின்றனர். ஃபராயிள் கணக்குப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது ஓர் ஏக்கர். மீதி ஏழு ஏக்கரில் மகனுக்கு மூன்றரை. பெண்மக்களுக்கு ஒன்றே முக்கால் வீதம். கணக்கில் குழப்பமில்லை. மனத்தில்தான் குழப்பம். சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, நிலத்தில் என்ன பங்கு என்று சொல்லிப் பெண்மக்களைப் பட்டாவிலிருந்து ஒதுக்கிவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது.

முற்காலத்தில் இப்படி ஒதுக்குவதை வழக்காறு என்று நிறுவிவிட்டால் நீதிமன்றமும் அதை ஏற்கக்கூடிய நிலை இருந்தது. 1937 ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வழக்காற்றை நீக்கியது. ஆனால் அது விவசாய நிலத்துக்குப் பொருந்தவில்லை. 1949 இல் சென்னை மாகாணம் செய்த திருத்தமே விவசாய நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. எனவே புதூரின் கரிசலில் அந்தப் பெண்ணுக்குள்ள ஒன்றே முக்கால் ஏக்கர், மார்க்கத்தாலும் நாட்டின் சட்டத்தாலும் அவளுக்கு உரியது. அண்ணன் மனமுவந்து தந்தால் நன்று. ஜமாஅத் பேசித் தீர்த்து, அது முறைப்படி எழுதிப் பதிவாகிவிட்டால் அதுவும் நன்று. இரண்டும் நடவாவிட்டால்?

விளாத்திகுளத்தில் மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. பழைய முன்சீப்பும் மாஜிஸ்திரேட்டும் ஓரிடத்தில் அமர்ந்த மன்றம் அது. சொத்தின் மதிப்பு அதன் வரம்புக்குள் இருந்தால் பாகப்பிரிவினை வழக்கை அங்கே தொடுக்கலாம். மதிப்பு கூடினால் கோவில்பட்டியிலுள்ள சார்பு நீதிமன்றம். இன்னும் கூடினால் தூத்துக்குடியிலுள்ள மாவட்ட நீதிமன்றம். இந்த வரம்புத் தொகைகளைப் பணத்தின் மதிப்புக்கேற்ப அரசு அவ்வப்போது உயர்த்தி வருகிறது. பங்கு இன்னாருக்கு இவ்வளவு என்று அறிவிப்பது முதனிலைத் தீர்ப்பாணை. பின்னர் வழக்கறிஞர் ஒருவர் ஆணையராக நியமிக்கப்பட்டு, நிலத்துக்கே வந்து அளந்து பிரித்துக் காட்ட, அதன் மேல் இறுதித் தீர்ப்பாணை வரும். முதலாவது கிடைத்ததும் வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடுவோர் உண்டு. அப்படிப் போனால் கையில் காகிதம் இருக்கும், காலடியில் நிலம் இராது.

தோற்றவர் அடுத்த மன்றத்துக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கே சாட்சியம் முழுவதையும் மீண்டும் சீர்தூக்கிப் பார்ப்பார்கள். அதற்கும் மேலே, உயர்நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால் மட்டுமே இரண்டாம் மேல்முறையீட்டுக்கு இடமுண்டு. தந்தை எந்த ஆண்டில் இறந்தார், எந்தப் பத்திரத்தில் யார் கையெழுத்திட்டார், நிலத்தை யார் உழுதார் என்பவையெல்லாம் கீழேயே முடிந்துபோகின்றன. உச்சநீதிமன்றமோ சிறப்பு அனுமதி தந்தாலன்றி இத்தகைய வழக்குகளைக் கேட்பதில்லை. ஆகவே உண்மை எது என்று முடிவாகும் இடம் முதற்படியே. அங்கே சாட்சி சொல்லத் தவறியதை டில்லியில் போய்ச் சொல்ல முடியாது.

குற்ற வழக்குகளுக்கும் இப்படியே படிகள் உண்டு. முதல்வகுப்பு நீதித்துறை நடுவர் மூன்றாண்டு வரையிலும், மாவட்டத்தின் தலைமைக் குற்றவியல் நடுவர் ஏழாண்டு வரையிலும் சிறை விதிக்கலாம். அதற்கு மேற்பட்ட கொடுங்குற்றங்கள் அமர்வு நீதிமன்றத்துக்குரியவை. மாவட்ட நீதிபதியே அமர்வு நீதிபதியாகவும் இருப்பார். அவர் மரண தண்டனை விதித்தால் உயர்நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை அது நிறைவேறாது.

இவையனைத்துக்கும் மேலே நிற்கும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு 75 நீதிபதிப் பதவிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. கீழ்நிலை நீதிபதிகளின் மாற்றம், பதவியுயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றை அரசியலமைப்பின் 235 ஆவது பிரிவு அதன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. ஒரு முன்சீப்பின் தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக மந்திரியோ கலெக்டரோ அவரை இடம் மாற்றிவிட முடியாது. முன்பெல்லாம் புதூர்க்காரர் உயர்நீதிமன்றத்தை நாட ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. தென்மாவட்ட மக்கள் பல்லாண்டு கேட்டதன் பயனாக 2004 ஜூலை 24 ஆம் நாள் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. இன்று காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பலாம்.

கோவில்பட்டி தந்த சான்று

முதற்படி பழுதானால் என்ன நேரும், முதற்படி உறுதியாக நின்றால் என்ன நேரும் என்ற இரண்டையும் 2020 ஜூன் மாதம் ஒருங்கே காட்டியது. ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீசாரால் பிடிக்கப்பட்டனர். நடுவரின் ஆணைப்படி கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டனர். சில நாள்களுக்குள், 22 ஆம் தேதி இரவிலும் 23 ஆம் தேதி காலையிலுமாக இருவரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிரிழந்தனர்.

பிடிக்கப்பட்டவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. எதற்காக? நடுவர் அவரைக் கண்ணால் பார்க்க வேண்டும், காயம் உண்டா என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே. கயத்தாற்றின் பாடம் இந்த ஒரு விதிக்குள் அடங்கியிருக்கிறது. சாத்தான்குளத்தில் அந்தப் பார்வையும் கேள்வியும் எவ்வாறு நடந்தன என்று நாடே கேட்டது.

மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. யாரை விசாரிக்க அனுப்பியது? கோவில்பட்டி நீதித்துறை நடுவரையே அனுப்பியது. காவலில் நேரும் மரணத்தை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். காவல் நிலையத்துக்குப் போன அந்த நடுவருக்கு அங்கே ஒத்துழைப்பில்லை. அவமதிப்பே கிடைத்தது என்று அவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். உடனே அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் எடுக்கும்படி மதுரைக் கிளை ஆணையிட்டது. அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை நடுவரிடம் சொன்னார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. விசாரணை மதுரை அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது.

மேல்மன்றத்தின் ஆணை வலிமையானதுதான். ஆனால் அது கைநீட்டிப் பற்றிக்கொண்டது ஒரு கீழ்நிலை நடுவரின் கையை. அவர் அஞ்சியிருந்தால், கண்டதை எழுதாதிருந்தால், மதுரையில் எத்தனை பெரிய நீதிபதிகள் இருந்தும் பயன் குறைவே. காவற் கொடுமை என்றதும் நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக 1979 முதல் 1981 வரை வீற்றிருந்த மு.மு. இஸ்மாயில் அவர்கள் நினைவுக்கு வருகிறார். நெருக்கடிநிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகளுக்கு நேர்ந்த கொடுமைகளை விசாரித்தது அவர் தலைமையிலான கமிஷனே. கம்பனில் தோய்ந்த அப்பெருமகனார் சிறைச்சுவருக்குள் நடந்ததைக் கேட்டறிந்து உலகுக்கு உரைத்தார்.

ஒரு பெண் ஏறிய படிகள்

இந்தப் படிக்கட்டு முழுவதையும் தம் காலால் ஏறிக் காட்டியவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. பத்தனம்திட்டாவில் 1927 இல் பிறந்த எம். பாத்திமா பீவி 1950 இல் வழக்கறிஞரானார். 1958 இல் முன்சீப். 1968 இல் சார்பு நீதிபதி. 1972 இல் தலைமைக் குற்றவியல் நடுவர். 1974 இல் மாவட்ட, அமர்வு நீதிபதி. 1983 இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. 1989 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதி. பின்னர் நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். 2023 நவம்பரில் மறைந்தார். அவருடைய ஏற்றத்தின் முதற்படி முன்சீப் நாற்காலியே. நம் பெண்மக்கள் சட்டம் படிப்பதைத் தயங்கிப் பார்க்கும் பெற்றோர் இந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் கடமை

ஹளரத் உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய மடலை நீதித்துறையின் முதல் நூலெனலாம். பார்வையிலும் இருக்கையிலும் இரு தரப்பாரையும் சமமாக நடத்துமாறும், நேற்றுத் தந்த தீர்ப்பு தவறெனத் தெரிந்தால் உண்மைக்குத் திரும்பத் தயங்க வேண்டாமென்றும், ஹராமை ஹலாலாக்காத வரையில் சமரசம் ஆகுமென்றும் அதில் அறிவுறுத்தியதாக வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். மேல்முறையீட்டின் தத்துவமும் சமரசத்தின் தத்துவமும் அதில் இருக்கின்றன.

சமரசத்துக்கு இன்று சட்டத்தின் வழியும் திறந்திருக்கிறது. 1987 இல் இயற்றப்பட்டு 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி வட்டம் தோறும் சட்ட உதவிக் குழு அமைக்கப்படுகிறது. பெண்களுக்கு, அவர்களுடைய வருமானம் எதுவாயினும், இலவச வழக்கறிஞர் உதவி பெற உரிமையுண்டு. காவலில் இருப்போருக்கும் ஏழைகளுக்கும் உண்டு. லோக் அதாலத்தில் இரு தரப்பும் இசைந்து முடித்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவு தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் அப்பீலும் இல்லை. ஜமாஅத்தில் ஏற்பட்ட சமரசத்துக்கு இத்தகைய உருக்கொடுத்துவிட்டால் நாளை எவரும் மறுக்க இயலாது. நம் ஜமாஅத்துகள் நீதிமன்றத்தோடு போட்டியிடத் தேவையில்லை. நீதிமன்றத்துக்கு மக்களை வழிகாட்டி அழைத்துச் செல்லும் பாலமாக அவை இருக்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1976 இல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டுக் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்தது. விளாத்திகுளத்தில் சாட்சி சொல்லும் விவசாயி தம் சொல் எப்படிப் பதிவாகிறது என்பதைக் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். உயர்நீதிமன்றத்தில் இன்னும் ஆங்கிலமே கோலோச்சுகிறது. அங்கும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006 இல் தீர்மானம் செய்தது. அது இன்னும் கைகூடவில்லை. இவ்வகையிலும் ஏழைக்கு நெருக்கமானது முதற்படியே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மிடம் வழக்குக் கொண்டுவந்தோரை ஒருமுறை எச்சரித்தார்கள். உங்களுள் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கலாம்; நான் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்கிறேன்; தன் சகோதரனின் உரிமையை அவ்வாறு பெற்றவன் நெருப்புத் துண்டையே பெறுகிறான் என்னும் கருத்துப்பட அவர்கள் மொழிந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. நீதிபதி எவராயினும் தம் முன் வைக்கப்பட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்க முடியும். ஆகவே உண்மையை முதற்படியிலேயே எடுத்து வைப்பது வழக்காடுவோர் கடமை, சாட்சிகளின் கடமை, சுற்றத்தாரின் கடமை.

எட்டு ஏக்கர் கரிசலில் தன் ஒன்றே முக்கால் ஏக்கரைக் கேட்டு ஒரு பெண் விளாத்திகுளம் மன்றத்தின் படியேறும்போது, குடும்ப மானம் போயிற்று என்று முணுமுணுப்பவர்கள் இதை உணர வேண்டும். மானம் போனது அவள் படியேறிய அன்றல்ல. அவள் பங்கு மறுக்கப்பட்ட அன்று. அவளுக்காக உண்மையைச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவராவது உடன் சென்றால், இருநூறு ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வந்த இந்தப் படிக்கட்டு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயனை அடைந்ததாகும்.